அம்மா ரியாத்தில் படித்துவந்த ஜாவாச் சோறு

எங்கள் வீட்டில் இந்தச் சோற்றுக்கு மூன்று பெயர். அம்மாவுக்கு அது 'ஜாவாச் சோறு'. தம்பிக்கு 'மூக்குச் சோறு'. அது பிறந்த ஊரில் அதன் பெயர் நாசி உடுக். இந்தோனேசிய மொழியில் நாசி என்றால் சோறு. நமக்கு நாசி என்றால் மூக்கு, உடுக்கு என்றால் கோடாங்கி கையில் இருப்பது. பெயரைக் கேட்ட அன்றைக்கே தம்பி, "மூக்கையும் உடுக்கையும் போட்டு என்னம்மா ஆக்குறீங்க"ன்னு ஆரம்பிச்சான், இன்னும் விடவில்லை. யோசித்துப் பார்த்தால் அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கு. அது அடுப்பில் வேகும்போது நாலு காம்பரா தள்ளி இருக்கிறவங்களுக்கும் மூக்கு சொல்லிவிடும், இன்னைக்கு இவங்க வீட்ல என்னமோ விசேஷம்னு.

நாசி உடுக் ஜகார்த்தாவின் காலைச் சாப்பாடு. அந்த ஊரின் பெத்தாவி மக்களுடைய சோறு என்று சொல்வார்கள். தேங்காய்ப்பாலில் ரம்பை, சேரை, கிராம்பு, 'சலாம்' என்கிற ஒரு இலை எல்லாம் போட்டு ஆக்கிய வெள்ளைச் சோறு. வாழையிலையில் மடித்து விடியற்காலையில் தெருவோரத்தில் விற்பார்கள். மேலே பொரித்த வெங்காயம், மெல்லிசாக வெட்டிய ஆம்லெட், பக்கத்தில் கச்சான் அரைத்த சம்பல். மலேசியாவில் இருக்கும் நாசி லெமாக் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரி. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டைத் தன் பட்டியலில் சேர்த்தபோது, நாசி லெமாக்கும் நம்ம ஆட்கள் வழியாக அங்கே போன ரொட்டி சானாயும் ஒன்றாகத்தான் பட்டியலுக்குள் போயின.

சரி, ஜகார்த்தாவின் சோறு ஹட்டன் பக்கத்துத் தோட்ட லயம் ஒன்றுக்கு எப்படி வந்தது? நேர் வழியில் வரவில்லை. ரியாத் வழியாக வந்தது.

2009இல் அம்மா சவூதிக்குப் போனாங்க. எனக்கு ஆறு வயது, தம்பி அப்பத்தான் நடக்கப் பழகினான். அம்மாயிதான் எங்களை வளர்த்தது. அம்மா வேலைக்குப் போன வீட்டில் ஏற்கெனவே ஒரு இந்தோனேசியப் பெண் இருந்தாங்க. சமையல் அவங்க பொறுப்பு, பிள்ளைகளும் துப்புரவும் அம்மா பொறுப்பு. அம்மாவைவிட அவங்களுக்கு வயசு கூட. அவங்க ஊரில் மூத்தவர்களை 'கக்கா' என்பார்களாம். அம்மா காதில் அது 'அக்கா' என்றே விழுந்திருக்கு. இரண்டு பேருக்கும் பொது மொழி கிடையாது. வீட்டு அரபு கொஞ்சம் கொஞ்சமாக வரும் வரைக்கும் கைதான் பேசியிருக்கு. வாயால் இருவருக்கும் புரிந்த முதல் சொல் எது தெரியுமா? சம்பல். மிளகாயும் வெங்காயமும் இடித்துக்கொண்டிருந்த அக்கா உரலைக் காட்டி "சம்பல்" என்றாராம். "எனக்கு அழுகையே வந்துருச்சு, அங்க ஒருத்தி நம்ம பாஷ பேசுறா"ன்னு அம்மா சொல்லுவாங்க.

உண்மையில் பேசினது நம்ம பாஷை இல்லை, நாம் பேசுவதுதான் அவங்க பாஷை. சம்பல் என்பது மலாய்ச் சொல். டச்சுக்காரன் காலத்தில் ஜாவாவிலிருந்தும் சுற்றியுள்ள தீவுகளிலிருந்தும் படைவீரர்களையும் நாடு கடத்தப்பட்டவர்களையும் இலங்கைக்குக் கப்பலேற்றினார்கள். 1708இல் ஜாவாவின் ஓர் அரசரே, மூன்றாம் அமாங்குராத், இப்படி இங்கே கொண்டுவரப்பட்டார். அவர்களின் வழிவந்தவர்கள்தான் இன்றைய இலங்கை மலாயர். பிரித்தானியர் காலத்தில் பெருமளவு மலாயரைக் கொண்டிருந்த 'சிலோன் ரைபிள்ஸ்' படை 1873இல் கலைக்கப்பட்டபோது, அதிலிருந்தவர்களில் பலர் பொலிஸுக்கும் தோட்ட வேலைகளுக்கும் போனார்கள். அவர்கள் விட்டுச்சென்ற சொற்களும் சாப்பாடும் நம் வாயில் இருக்கு, வேர் மட்டும் தெரியாது. வட்டிலப்பத்தை மலாயர்தான் கொண்டுவந்தார்கள் என்பார்கள். ஹட்டன் டவுனில் எந்தக் கடையின் மெனுவைப் பார்த்தாலும் 'நாசிகொரேங்' இருக்கும். இந்த 'நாசி'யும் அதே சோறுதான். நாம் சேரை என்பதை அவர்கள் செரே என்கிறார்கள்.

இன்னொரு விசயம் நான் கெம்பஸ் வந்த பிறகு கவனித்தது. வயலில் நிற்பது நெல், கடையில் வாங்குவது அரிசி, தட்டில் விழுவது சோறு என்று நாம் மூன்றாகப் பிரிக்கிறோம். இந்தோனேசியர்களும் அப்படியே: பாடி, பெராஸ், நாசி. ஆங்கிலத்தில் அரிசிக்கும் சோற்றுக்கும் ஒரே சொல்தான். அரபிலும் ஒன்றுதான், ருஸ். அந்த வீட்டு அம்மணி 'ருஸ்' என்று கத்தினால், அரிசி வாங்கணுமா சோறு கொண்டுவரணுமா என்று இரண்டு பேரும் முகத்தைப் பார்த்துக்கொள்வார்களாம். தேங்காய்க்கு அரபில் 'ஜோஸ் ஹிந்த்', இந்தியக் கொட்டை என்று பொருள். தேங்காய் காய்க்காத ஊரில் அதற்குத் தூரத்து ஊரின் பெயர்தானே வரும்.

அம்மா 2013இல் திரும்பி வந்தாங்க. வந்து பத்து வருசம் இந்தச் சோற்றை ஆக்கவே இல்லை. அதைப் பற்றிப் பேசவும் இல்லை. ரியாத் பற்றி யாராவது கேட்டால், "வெயிலு, வேலை, அவ்வளவுதான்" என்று முடித்துவிடுவாங்க. எங்கள் வீட்டில் அந்த நாலு வருசம் பூட்டிய பெட்டி மாதிரி. எனக்கு அதில் கோபம் இருந்தது. முதலாம் வகுப்பிலிருந்து புலமைப்பரிசில் பரீட்சைக்குக் கிட்ட வரைக்கும் என் தலையைப் பின்னிவிட்டது அம்மாயி. அந்த நாலு வருசத்துக்கு ஏதாவது கணக்குச் சொல்லுங்க என்று கேட்கவும் முடியாது, கேட்காமல் இருக்கவும் முடியாது.

பெட்டி திறந்தது மூன்றாம் வருச விடுமுறையில். எங்கள் ஹொஸ்டலில் ஒரு தோழி யூடியூப் பார்த்துத் தேங்காய்ப்பால் சோறு ஆக்கினாள், அடிப்பிடித்து மேலே அரிசியாகவே நின்றது. அந்தக் கதையை வீட்டில் சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. "முதப் பால முதல்லயே ஊத்திருப்பா"ன்னாங்க. பிறகு, "நாசி உடுக்குக்கு அப்புடி ஊத்தக்கூடாது". அந்தப் பெயரை அம்மா வாயிலிருந்து அன்றைக்குத்தான் நாங்கள் கேட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா தேங்காய் வாங்கிவர என்னை அனுப்பினாங்க.

ஏன் பத்து வருசம் ஆக்கவில்லை என்பதற்கு ஒரு பதில் அந்தத் தேங்காயிலேயே இருக்கு. தென்னை நம்ம மலையில் காய்க்காது. குருணாகல், புத்தளம், கம்பஹா பக்கத்திலிருந்து லொறி ஏறி வரவேண்டும். 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டியது. 2024 செப்டம்பரில் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் அப்போது 1,350 ரூபாயாக இருந்தது. அதாவது அப்போது ஒரு நாள் உழைப்பில் ஏழில் ஒரு பங்கு ஒரு தேங்காய். அதுவும் முழுப் பேர் விழுந்தால். கொழுந்து நிறை குறைந்து அரைப் பேர் விழுந்த நாளில் கணக்கே வேறு. ஒரு மூடித் தேங்காயில் ரொட்டிக்கும் போட்டு சம்பலும் இடித்து இரண்டு வேளை ஓட்டுகிற வீட்டில், முழுத் தேங்காயையும் ஒரே பானைச் சோற்றில் ஊற்றுவது லேசான முடிவில்லை.

இப்போது சமையலுக்கு வருவோம். நாலு பேருக்கு இரண்டு கப் அரிசி. சம்பாவும் நாட்டரிசியும் பெரும்பாலும் புழுங்கல், அது இதற்குச் சரிவராது. வெள்ளைப் பச்சரிசி வேண்டும். கழுவி அரை மணிநேரம் ஊறவைத்து வடித்துவிடுங்க. பெரிய தேங்காய் ஒன்றைத் துருவிப் பிழிந்து முதற்பால் அரைக் கப், அடுத்த பால் இரண்டு கப் எடுத்துத் தனித்தனியாக வைங்க. சேரைத் தண்டு இரண்டை நசுக்குங்க. ரம்பை இலை இரண்டைக் கிழித்து முடிச்சுப் போடுங்க. கிராம்பு மூன்று, சின்னத் துண்டு கறுவா, ஒரு தேக்கரண்டி உப்பு.

சலாம் இலை நமக்குக் கிடைக்காது. கடையில் பிரியாணி இலை என்று விற்பது வேறு மரம், வாசமும் வேறு. சலாம் மரம் நாவலும் ஜம்புவும் கிராம்பும் சேர்ந்த குடும்பம். அதனால் அம்மா அந்த இலைக்குப் பதிலாக ஒரு கிராம்பைக் கூட்டிப் போடுவாங்க. தாவரவியல் படித்துச் செய்ததில்லை, நாக்கு சொன்னது.

இரண்டாம் பாலை வாசனைச் சாமான்களோடு அடுப்பில் வைத்து, கொதி வரும் வரை மெதுவாகக் கிளறணும். கொந்தளிக்கவிட்டால் பால் திரிந்துபோகும். அரிசியைப் போட்டு, பால் முழுவதும் வற்றும்வரை அடியோடு கிளறணும். இப்போது அரிசி பாதிதான் வெந்திருக்கும். இதை ஜாவாவில் 'அரோன்' என்பார்கள். பிறகு முதற்பாலைத் தெளித்துக் கலந்து, ஆவியில் வைக்கணும். அங்கே இதற்கென்று கூம்பு வடிவில் மூங்கில் கூடை இருக்கு. எங்களிடம் இட்லிச் சட்டி இருக்கு, தட்டில் துணியை விரித்துக் கொட்டினால் போதும்.

ஏன் இந்த இரண்டு கட்டம்? தேங்காய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் இருக்கு. அடியில் தங்கினால் கருகும். ஆரம்பத்திலேயே கெட்டிப்பாலில் வேகவிட்டால் அரிசிக்குப் போதுமான தண்ணீர் கிடைக்காது, மேலே அரிசி, கீழே கரி. நேரே நெருப்பில் முழுசாக வேகவிடாமல் ஆவியில் முடிப்பதால் பருக்கை பருக்கையாக மென்மையாக வரும்.

ஜகார்த்தா சமையல் குறிப்புகள் ஆவியில் இருபது நிமிசம் என்று சொல்லும். நம்ம பக்கம் அது பத்தாது. ஜகார்த்தா கடல் மட்டத்தில் இருக்கு, தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். மேலே போகப் போக ஒவ்வொரு 300 மீற்றருக்கும் கொதிநிலை ஏறக்குறைய ஒரு பாகை குறையும். ஹட்டனில் தண்ணீர் சுமார் 96 பாகையில் கொதித்துவிடும், 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் சுமார் 94. பானை கொதிக்கிற மாதிரித் தெரியும், சூடு அவ்வளவு இருக்காது. அதனால் 35, 40 நிமிசம் விடணும். இந்தக் கணக்கை நான் அம்மாவுக்கு விளக்கியபோது, "அதான் வந்த புதுசுல இங்க பருப்பு வேகலன்னு எங்க பாட்டி சொல்லும்"ன்னாங்க.

இன்னொன்று: சுடச்சுடச் சாப்பிட்டுவிடணும். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையும். மார்கழிக் காலையில் எண்ணெய்ப் போத்தலை அடுப்புப் பக்கம் வைத்து உருக்குகிற நமக்கு இது புதிதில்லை. ஜகார்த்தாவில் மடித்த பொட்டலம் மத்தியானம் வரைக்கும் மெதுவாகவே இருக்கும். எங்கள் லயத்தில் இரவு மிஞ்சினால் விடியும்போது செங்கல். திரும்ப ஆவி காட்டினால் சரியாகிவிடும்.

பக்கத்துக்கு என்ன? நெத்தலிக் கருவாட்டை மொறுமொறுவென்று பொரித்து, வறுத்த கச்சானோடு கலந்து வைப்போம். முட்டையை மெல்லிசாகப் பொரித்து நூல் நூலாக வெட்டுவோம். கச்சானும் செத்தல் மிளகாயும் கொஞ்சம் புளியும் சீனியும் வைத்து அரைத்தால் சம்பல். அவர்கள் தெம்பே வைப்பார்கள், சோயா அவரையைப் புளிக்கவைத்துக் கட்டியாக்கியது. எங்கள் வீட்டில் சோயா மீட்டை இனிப்புக் காரமாகப் பிரட்டி வைப்போம். சோயாவுக்குச் சோயா. தோட்டக் கடையில் எப்பவும் இருக்கிற பக்கெட் அதுதானே.

நான் சேரை நசுக்கிக்கொண்டிருக்கும்போதுதான் அம்மா பேச ஆரம்பிச்சாங்க. கை வேலையாக இருக்கும்போது முகத்தைப் பார்க்கத் தேவையில்லை, அதனாலோ என்னவோ. அந்த அக்காவின் ஊர் மேற்கு ஜாவாவில் சியாஞ்சூர். பெயரைக் கேட்டதும் ஃபோனில் தேடினேன். சியாஞ்சூர் ரம்பை வாசம் வரும் ஒரு வகை அரிசிக்குப் பேர்போன இடம். போகோருக்கும் சியாஞ்சூருக்கும் நடுவே இருக்கும் புஞ்சாக் மலையின் படத்தை அம்மாவிடம் காட்டினேன். அலை அலையாகத் தேயிலை. அம்மாவுக்கு அது ஏற்கெனவே தெரியும். "அவளும் கொழுந்து மலை ஊர்க்காரிதான். ஒருநாள் டீ பக்கெட்ல இருந்த படத்தக் காட்டி, கையால கொழுந்து கிள்ளிக் காமிச்சா. நானும் கிள்ளிக் காமிச்சேன்."

இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை போட்டது 1867இல். அதற்கு நாற்பது வருசம் முந்தியே டச்சுக்காரர்கள் ஜாவாவுக்குத் தேயிலை கொண்டுபோய்விட்டார்கள். சுமாத்திராவின் டெலியில் புகையிலைத் தோட்டங்களுக்கு ஜாவா ஆட்களோடு தமிழர்களும் கூலிகளாகப் போனார்கள். மேடான் நகரில் இன்றைக்கும் கம்போங் மதராஸ் என்று ஓர் இடம் இருக்கு. ஆக, ரியாத் வீட்டில் அந்த இரண்டு பேரும் சந்தித்ததை அதிசயம் என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தோட்டத்தில் சம்பளம் பத்தாத இரண்டு ஊர்களிலிருந்து இரண்டு பெண்கள் ஒரே குசினிக்குப் போயிருக்கிறார்கள்.

2011 ஜூனில் ருயாத்தி என்ற இந்தோனேசியப் பணிப்பெண்ணுக்கு சவூதியில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அந்த வாரம் அக்கா யாரோடும் பேசவில்லையாம். சொன்னதைச் சமைத்துவிட்டு, தனக்கு எதுவும் எடுக்காமல் படுத்துவிடுவாராம். அம்மா வெறும் சோறும் சம்பலும் பிசைந்து ஊட்டிவிட்டிருக்காங்க. 2013 ஜனவரியில் மூதூர் ரிஸானா நபீக். அப்போது அம்மாவின் முறை. அக்கா அன்றிரவு எல்லாரும் தூங்கியபிறகு, டின் தேங்காய்ப்பாலில் நாசி உடுக் ஆக்கி, ஒரே தட்டில் போட்டு, அம்மாவை உட்காரவைத்துச் சாப்பிட வைத்திருக்காங்க. அம்மா கடைசியாக அதைச் சாப்பிட்டது அன்றைக்குத்தான். பத்து வருசம் ஆக்காததற்கு இரண்டாவது பதில் இது. தேங்காய் விலை மட்டும் காரணமில்லை.

அந்த வருசமே அம்மா வந்துட்டாங்க. அக்காவின் நம்பர் இருந்த ஃபோன் அங்கேயே போய்விட்டது. 2015இல் இந்தோனேசியா மத்திய கிழக்கின் 21 நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களை அனுப்புவதை நிறுத்தியது. நம்ம நாட்டில் 2013இல் சின்னப் பிள்ளைகள் உள்ள தாய்மார் போவதற்குக் குடும்பப் பின்னணி அறிக்கை வந்தது. சட்டம் போட்டார்கள், ஆனால் போகாமல் வாழ்வதற்கு வழி போடவில்லை. எங்கள் லயத்தில் இன்னமும் போகிறார்கள்.

2023இல் மலையகம் 200 நினைவுகூரல்கள் நடந்தபோது மலையக உணவு பற்றியும் நிறைய எழுதினார்கள். ரொட்டி, கட்டச் சம்பல், சாயத் தண்ணி. எல்லாம் சரிதான், நானும் அதில்தான் வளர்ந்தேன். ஆனால் அந்தப் பட்டியல் கப்பலில் வந்தவர்களோடு நின்றுவிடுகிறது. விமானத்தில் போய்த் திரும்பியவர்கள் கொண்டுவந்த சாப்பாட்டை யாரும் எழுதவில்லை. குவைத்தில் படித்த மச்பூஸ், லெபனானில் படித்த தபூலே, ஒரு பிலிப்பைன்ஸ் பெண் சொல்லிக்கொடுத்த அடோபோ என்று, எத்தனை லயங்களில் எத்தனை அம்மாமார் கையில் இருக்கும்? அவையும் மலையகத்தின் சாப்பாடுதான், அதற்கு நாம் கொடுத்த விலையும் சின்னதில்லை.

என் கோபம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. ஆனால் இப்போது அது அம்மா மேல் இல்லை. அந்த நாலு வருசத்தில் அம்மா எங்களை விட்டுவிட்டு எங்கேயோ இருந்தாங்க என்றுதான் இவ்வளவு காலம் நினைத்திருந்தேன். அங்கே அம்மாவுக்கும் ஊட்டிவிட ஒரு ஆள் இருந்திருக்கு என்று தெரிந்தது பெரிய ஆறுதல்.

இந்தக் கட்டுரையை வாசிக்கிற உங்களில் பலரின் அம்மாவோ பெரியம்மாவோ சித்தியோ வெளிநாடு போய் வந்திருப்பாங்க. "அங்க எப்புடி இருந்துச்சு"ன்னு கேட்டால் பதில் வராது, நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். "அங்க என்ன ஆக்குனீங்க"ன்னு கேளுங்க. கேட்டதோடு நிற்காமல் ஒருநாள் தேங்காயோ கோழியோ வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் நின்று வெங்காயம் உரிங்க. அளவுகளை எழுதி வைங்க. எங்கள் வீட்டுக் குறிப்பில் அம்மா நேற்று ஃபோனில் ஒரு திருத்தம் சொன்னாங்க: தேங்காய் இளசாக இருந்தால் இரண்டாம் பால் கால் கப் குறைக்கணுமாம்.